உறுப்பினர் சேர்க்கை முகாமிலும் வேலைவாய்ப்பு முகாமிலும் பெயர் அச்சிட்டுக் கொடுக்க எந்தப் பொருள் தகும்?

கேள்வி: நன்னிலம் உழவர்

அனைவருக்கும் வணக்கம். திருவாரூர் மாவட்டம் நன்னிலம் பகுதியில் உழவர்களே பங்குதாரர்களாக இருந்து நடத்தும் ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் இயக்குநர்களுள் நானும் ஒருவன். ஒன்றிய அரசின் திட்டம் சமவெளிப் பகுதிக்கு வகுத்துள்ள குறைந்தபட்ச எண்ணிக்கையான 300 உறுப்பினர்களை நாங்கள் எட்டிவிட்டோம் என்றாலும், அவர்களில் பெரும்பாலோர் அடுத்தடுத்துள்ள சில ஊர்களுக்குள்ளேயே அடங்கிவிடுகிறார்கள். ஆகவே சம்பா அறுவடை முடிந்து, கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டுவிட்டு, உழவர்கள் சற்று ஓய்வாக இருக்கும் மாசி, பங்குனி மாதங்களில் சுற்றுப்புற ஊர்களில் உறுப்பினர் சேர்க்கை முகாம்கள் நடத்துவதென்று இயக்குநர் குழு முடிவு செய்துள்ளது. அதே காலத்தில் மாவட்டத்தில் நடைபெறும் தனியார் துறை வேலைவாய்ப்பு முகாமிலும், ஒரு வேளாண் கல்லூரியின் வளாக நேர்காணலிலும் எங்களுக்கு ஒரு மேசை கிடைக்கும் என்று எதிர்பார்க்கிறோம். களப்பணியாளர்களாகச் சில இளைஞர்களையும் ஒரு கணக்கரையும் அங்கே தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது.

இவ்விரு வகை நிகழ்ச்சிகளிலும் நிறுவனத்தின் பெயரும் சின்னமும் அச்சிட்ட ஏதேனும் ஒரு பொருளை வருபவர்கள் கையில் கொடுக்க வேண்டும் என்பது குழுவினரின் விருப்பம். இதற்கென ஒரு லட்சம் ரூபாய் ஒதுக்கியிருக்கிறோம். விளம்பரப் பொருள் வழங்கும் முகவர் ஒருவர் பேனா, சாவிக்கொத்து, பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில், நான்-ஓவன் பை, டி-சர்ட், தொப்பி, பவர் பேங்க் என்று நீண்ட பட்டியல் ஒன்றைப் படங்களுடன் அனுப்பியிருக்கிறார். அதைப் புரட்டிப் பார்த்தபோது, இவற்றுள் எதை வாங்கினாலும் ஒரு மாதத்துக்குப் பிறகு எங்கள் பெயர் எங்கே கிடக்கும் என்ற கேள்விதான் எனக்கு எழுந்தது. இது உறுப்பினர்களின் பணம். மழை பிந்தினாலும் மிகுந்தாலும் நட்டப்படுகிறவர்கள் நம்பிப் போட்ட பங்குத்தொகையிலிருந்து பிறந்த பணம் என்பதால், குழுவில் யாரும் விளையாட்டாகச் செலவழிக்க விரும்பவில்லை.

எந்தப் பொருள் உழவர் வீட்டில் உண்மையாகவே புழங்கும்? படித்த இளைஞர்களுக்கும் அதையே கொடுக்கலாமா, வேறொன்று வேண்டுமா? வந்தவர் அனைவருக்கும் கொடுப்பதா, சேர்ந்தவர்களுக்கு மட்டும் கொடுப்பதா? அச்சில் என்னென்ன இடம்பெற வேண்டும்? இத்தகைய முகாம்களை நடத்தியவர்களும், அச்சுத்தொழிலில் இருப்பவர்களும் தங்கள் கருத்தைத் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.

மறுமொழி: கும்பகோணம் அச்சகத்தார்

வணக்கம் ஐயா. துணியிலும் தாளிலும் அச்சிடுவதே எங்கள் தொழில். உங்களுக்கு வந்துள்ள பட்டியலிலிருந்து முதலில் நான்-ஓவன் பையை அடித்துவிடுங்கள். பார்வைக்குத் துணி போலத் தோன்றினாலும் அது பாலிபுரொப்பிலீன்தான். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த, ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்கான தடைப் பட்டியலில் அதுவும் சேர்க்கப்பட்டது. முகாம் மேடைக்குப் பின்னால் கட்டும் பதாகையையும் யோசித்துச் செய்யுங்கள். 100 மைக்ரானுக்குக் குறைவான பிவிசி பதாகைகள் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டுள்ளன. துணியில் எழுதிய பதாகை ஒன்று இருந்தால் ஊர் ஊராக எடுத்துச் சென்று மடித்து வைத்துக்கொள்ளலாம். அதில் ஊர்ப் பெயரையும் தேதியையும் குறிக்காமல் விட்டுவிட்டால் போதும்.

துணிப்பை நல்ல பொருள் என்பதே என் கருத்து. 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை இயக்கம் தொடங்கிய பிறகு அதற்கு ஒரு மதிப்பும் வந்திருக்கிறது. ஆனால் எல்லாக் கடைகளும் எல்லாத் திருமண வீடுகளும் பை கொடுக்கும் இக்காலத்தில், உங்கள் பை மட்டும் தனித்து நிற்க வேண்டுமானால் அது உழைக்க வேண்டும். மெல்லிய துணியில் தைத்த சிறிய பை தாம்பூலப் பையாகவே முடிந்துபோகும். கனமான காடாத்துணியில், அடியில் மடிப்பு வைத்து, கைப்பிடி சேரும் இடத்தில் பெருக்கல் குறி போலக் குறுக்குத் தையல் போட்டுத் தைத்த பைதான் கடைத்தெருவுக்கும் ரேஷன் கடைக்கும் போய் வரும். மாதிரி வந்ததும் அதில் ஐந்து கிலோ அரிசியைப் போட்டு ஓர் இரவு முழுவதும் ஆணியில் தொங்கவிடுங்கள். காலையில் கைப்பிடித் தையல் இழுபட்டு இருந்தால் அந்தத் தையற்காரரிடம் ஆர்டர் கொடுக்க வேண்டாம்.

அச்சைப் பொறுத்தவரை, ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனித் திரைச்சட்டம் தேவைப்படும் என்பதால், சின்னத்தை ஒரே வண்ணத்துக்கு மாற்றி வரைந்துகொள்வது செலவையும் குறைக்கும், பார்க்கவும் தெளிவாக இருக்கும். காடாத்துணியின் இழை தடிமனானது; அதில் பொடி எழுத்துகளை அச்சிட்டால் சுழிகளுக்குள் மை நிறைந்து, வாசிக்க முடியாமல் போய்விடும். மை காய்ந்ததும் சூடேற்றிப் பதப்படுத்த வேண்டும். அடைமழைக் காலத்தில் அவசரத்துக்கு அச்சிடும்போது சிலர் இந்த வேலையை விட்டுவிடுகிறார்கள், முதல் துவைப்பிலேயே பெயர் வெளுத்துவிடுகிறது. ஆகையால் மாதிரிப் பையைச் சோப்புப் போட்டுக் கசக்கிப் பார்த்துவிட்டுத்தான் சம்மதம் தெரிவிக்க வேண்டும்.

இன்னொன்றையும் வலியுறுத்திச் சொல்ல வேண்டும். நீங்கள் கைபேசியில் யூனிகோடில் தட்டச்சு செய்து அனுப்பும் தமிழ் வரிகளைப் பழைய வடிவமைப்பு மென்பொருளில் ஒட்டினால் கொம்பும் துணைக்காலும் இடம் மாறிவிடுவதுண்டு. வேறு எழுத்துருவில் திரும்பத் தட்டச்சு செய்யும்போது ஒற்று விழுந்துபோவதும் உண்டு. இறுதி மெய்ப்பைத் தாளில் அச்சிட்டு வாங்கி, இரண்டு பேர் தனித்தனியாகப் படித்துக் கையெழுத்திட்ட பிறகே வேலை தொடங்க வேண்டும். தொலைபேசி எண்ணை மெய்ப்பிலிருந்தே பார்த்து, அந்த எண்ணை அழைத்துச் சரிபாருங்கள். கியூஆர் குறியீட்டைத் துணியில் போட வேண்டாம். மடிப்பு விழுந்த துணியில் அது எளிதில் படிக்கப்படாது. அது தாளுக்கு உரியது.

தினசரி காலண்டரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆயினும் ஆண்டு முழுவதும் வீட்டுச் சுவரில் தொங்கும் பொருள் அதைவிட வேறில்லை. சிவகாசியில் ஆடிப்பெருக்கன்று மறு ஆண்டுக்கான மாதிரி ஆல்பங்களை வெளியிடுவார்கள். காவிரிக்கு நாம் படையல் போடும் அதே நாளில் அங்கே ஆர்டர் எடுக்கத் தொடங்கிவிடுவார்கள் என்பதால், அடுத்த ஆண்டுக்கு வேண்டுமென்றால் ஆடியிலேயே குழுவில் பேசி முடித்துவிடுங்கள்.

மறுமொழி: ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர், மன்னார்குடி

அச்சகத்தார் சொன்னவற்றுள் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன். ஆனால் பையில் எது சிறந்தது என்று பேசுவதற்கு முன்னால், அந்தப் பொருள் போய்த் திரும்ப வேண்டுமா, போய்விட்டால் போதுமா என்பதை உங்கள் குழு தீர்மானிக்க வேண்டும் என நினைக்கிறேன். கடைக்காரர் தரும் பரிசுப் பொருள் போய்விட்டால் போதும்; அவர் கடை தெருவிலேயே இருக்கிறது. உழவர் நிறுவனமோ, முகாமில் கைகுலுக்கியவர் பிறகு ஒருமுறையாவது அலுவலகப் படி ஏறினால்தான் உயிர்பெறும். திருத்துறைப்பூண்டி ஆதிரங்கத்தில் நெல் திருவிழா நடத்திய நெல் ஜெயராமன், பாரம்பரிய விதைநெல் 2 கிலோவைக் கொடுத்து மறு ஆண்டில் 4 கிலோவாகத் திரும்பப் பெற்றுக்கொண்டார். 2018-இல் அவர் மறைந்த பிறகும் அந்த ஏற்பாட்டைப் பற்றி இந்தப் பகுதியில் பேசாதவர் இல்லை. வாங்கியவர் திரும்பி வர வேண்டிய கடமையும் அந்தக் கொடையோடு சேர்ந்தே போனது.

அந்த வழியில் யோசித்தால், நீங்கள் முகாம் நடத்தும் மாசி, பங்குனிக்குப் பொருத்தமான பொருள் ஒன்று இருக்கிறது. அதுதான் மண் மாதிரிப் பை. அறுவடை முடிந்து அடுத்த பயிருக்கு உரமிடுவதற்கு முன்னால்தான் மண் மாதிரி எடுக்க வேண்டும். அரைக் கிலோ மண் கொள்ளும் சிறிய காடாத்துணிப் பை ஒன்றைத் தைத்து, ஒரு பக்கத்தில் நிறுவனத்தின் பெயரும் எண்ணும், மறு பக்கத்தில் மாதிரி எடுக்கும் முறையும் அச்சிட்டுக் கொடுங்கள். வயலில் பத்து, பதினைந்து இடங்களில் மேலே கிடக்கும் பயிர்த்தாள்களையும் சருகுகளையும் நீக்கிவிட்டு, ஆங்கில வி எழுத்தின் வடிவில் நெல்லுக்கு 15 சென்டிமீட்டர் ஆழம் வெட்டி, அந்தக் குழியின் பக்கவாட்டிலிருந்து மேலிருந்து கீழாக ஒரே சீராக மண்ணைச் சுரண்டி எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் கலந்து பரப்பி, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பகுதிகளைக் கழித்துக் கழித்து அரைக் கிலோவாக்க வேண்டும். வரப்போரம், மரநிழல், எருக்குவியல் இருந்த இடம், வாய்க்கால் ஓரம் ஆகியவற்றில் எடுக்கக்கூடாது. இவ்வளவும் ஆறு வரிகளில் அடங்கிவிடும். பையை மண்ணோடு கொண்டுவந்து கொடுப்பவரிடம் அவர் வயலின் விவரங்களைக் குறித்துக்கொண்டு அரசு மண் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்பிவையுங்கள். முடிவு வந்ததும் அவர் மறுபடியும் வருவார். பங்குப் படிவத்தை நீட்ட அதுவே தக்க நேரம்.

சேர்ந்த உறுப்பினருக்கு வேறொரு பொருள் கொடுக்க வேண்டுமென்றால், நெற்பயிருக்கு யூரியா தேவையா என்பதை இலையின் பச்சையைக் கொண்டு காட்டும் இலை வண்ண அட்டையைப் பரிந்துரைப்பேன். நடவு செய்த 14-ஆம் நாளிலிருந்து, நேரடி விதைப்பாக இருந்தால் 21-ஆம் நாளிலிருந்து, பூக்கும் வரை வாரம் ஒருமுறை, முழுமையாக விரிந்த மேல் இலையை அட்டையின் எண்ணிட்ட பச்சைப் பட்டைகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். வெள்ளைப் பொன்னி போன்ற ரகங்களுக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4 என்பது அளவுகோல். பத்து இலைகளில் ஆறு அதற்குக் கீழே இருந்தால்தான் யூரியா மேலுரம் தேவைப்படுகிறது. தேவையற்ற ஒரு மூட்டை யூரியாவை மிச்சப்படுத்திக் கொடுத்த அட்டையை எந்த உழவரும் தூக்கி எறிய மாட்டார். ஆனால் அந்தப் பச்சை வண்ணங்களை உள்ளூர் அச்சகத்தில் நகலெடுத்துவிட வேண்டாம். அச்சுக்கு அச்சு பச்சை மாறினால் அட்டை தவறான யோசனையைச் சொல்லும், அதில் உங்கள் பெயரும் இருக்கும். முறையாகத் தயாரித்த அட்டையை வாங்கி, பின்பக்கத்தில் உங்கள் பெயர் ஒட்டுத்தாளை மட்டும் ஒட்டுங்கள்.

பம்பு செட் வைத்திருப்பவர்களுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டுவதற்கான நீர்மட்டக் குழாயும் நல்ல பொருள். ஓரடி நீளமுள்ள பிவிசி குழாயின் கீழ்ப்பாதியில் துளையிட்டு மண்ணில் இறக்கிவிட்டால், உள்ளே நீர் மண்மட்டத்துக்கு 15 சென்டிமீட்டர் கீழே இறங்கும்போது அடுத்த பாய்ச்சலுக்கு நேரமாகிவிட்டது என்று தெரியும். வரப்பில் நடப்பவர் அனைவரும் அதில் எழுதியுள்ள பெயரைப் பார்ப்பார்கள். வாய்க்கால் நீரை முறை வைத்துப் பெறுகிறவர்களுக்கு இதனால் பயன் குறைவு. ஆகவே ஊருக்கு ஊர் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

துண்டு கொடுக்கலாம் என்று உங்கள் குழுவில் யாரேனும் நிச்சயம் சொல்வார்கள். நம் பகுதியில் துண்டின் நிறத்தையும் கரையையும் பார்த்தே ஒருவர் எந்தக் கட்சி, எந்தச் சங்கம் என்று கூட்டத்தில் கணித்துவிடுகிறார்கள். பச்சைத் துண்டு விவசாய சங்கங்களின் அடையாளமாகிவிட்டது. நீங்கள் கொடுத்தால் நிறுவனத்தையும் போராட்டச் சங்கம் என்றே எண்ணுவார்கள். கரையில்லாத வெள்ளைத் துணியோ கோடித்துணியை நினைவூட்டும். எல்லாக் கட்சியினரும் உறுப்பினராக இருக்க வேண்டிய நிறுவனம் இந்தச் சிக்கலுக்குள் போகாமல் இருப்பதே நல்லது. பையின் மையும் சின்னமும்கூட எந்தக் கொடியையும் நினைவுபடுத்தாத வண்ணத்தில் இருக்கட்டும். தேர்தல் நடத்தை விதிகள் அமலில் இருக்கும் நாட்களில் பெயர் அச்சிட்ட பொருள்களை வண்டியில் மொத்தமாக ஏற்றிச் செல்ல நேர்ந்தால், விலைப்பட்டியலும் நிறுவனத்தின் கடிதமும் வண்டியிலேயே இருக்க வேண்டும்.

நன்னிலம் உழவர்

ஐயா இருவருக்கும் நன்றி. மண் மாதிரிப் பையைப் பற்றிக் குழுவில் பேசியபோது வயதில் மூத்த இயக்குநர்கள்தான் முதலில் தலையசைத்தார்கள். எங்கள் உறுப்பினர்கள் விளைவிக்கும் பாரம்பரிய ரகமான தூயமல்லி அரிசியை அரைக் கிலோ பொட்டலமாகக் கொடுக்கலாம் என்ற கருத்தும் வந்தது. இளைஞர்களுக்கான முகாம் பற்றி இன்னும் யாரும் எழுதவில்லை. அதைத்தான் இப்போது எதிர்பார்த்திருக்கிறேன்.

மறுமொழி: ஈச்சங்கோட்டை வேளாண் கல்லூரி முன்னாள் மாணவி

வணக்கம் ஐயா. வேளாண் பட்டப்படிப்பை முடித்துவிட்டு வேலைவாய்ப்பு முகாம்களில் வரிசையில் நின்றவள் நான். இப்போது வேறொரு மாவட்டத்தின் உற்பத்தியாளர் நிறுவனத்தில் பணியாற்றுகிறேன். முகாம்களில் மேசையின் மறுபக்கத்திலும் அமர்கிறேன். எனவே இரு பக்கமும் பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முகாமுக்கு வரும் பிள்ளைகள் காலை முதல் மேசை மேசையாகப் போகிறார்கள். கையில் ஒரு கோப்பு, அதற்குள் மதிப்பெண் பட்டியல்கள், சாதிச் சான்றிதழ், தன்விவரக் குறிப்பின் பிரதிகள். மதியத்துக்குள் ஒவ்வொரு மேசையிலும் கொடுத்த துண்டறிக்கைகளும் சேர்ந்து, எது எந்த நிறுவனத்துடையது என்றே தெரியாமல் போய்விடும். அந்த நேரத்தில் பேனாவும் சாவிக்கொத்தும் அவர்களுக்கு எந்த வகையிலும் உதவுவதில்லை. தடித்த அட்டையில் செய்த, நாடா வைத்துக் கட்டும் கோப்பு ஒன்றைக் கொடுத்தால் அன்றைக்கே பயன்படும். அதை ஏ4 அளவுக்குச் செய்யாமல் ஃபூல்ஸ்கேப் அளவுக்குச் செய்யுங்கள். சான்றிதழ்கள் சில ஏ4 தாளைவிட நீளமானவை. நுனி மடங்கிய சான்றிதழோடு நேர்காணலுக்குப் போவதன் மனக்கஷ்டம் போனவர்களுக்குத்தான் தெரியும். அடுத்த மாதம் வேறொரு நிறுவனத்தின் நேர்காணலுக்கும் அதே கோப்பைத்தான் கொண்டுபோவார்கள். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பக்கத்தில் அமர்ந்திருக்கும் இன்னொரு வேளாண் பட்டதாரி உங்கள் பெயரைப் படிப்பார்.

ஆனால் கோப்பைவிட, அதன் உட்பக்கத்தில் நீங்கள் அச்சிடும் விவரங்கள்தான் முக்கியம் என்று நினைக்கிறேன். என்ன பணி, எந்தெந்த ஊர்களுக்குப் போய்வர வேண்டும், மாதச் சம்பளம் எவ்வளவு, பெட்ரோல் செலவு தருவீர்களா, இருசக்கர வாகனம் சொந்தமாக வேண்டுமா, எந்த நாளுக்குள் முடிவு சொல்வீர்கள் என்பவற்றை வெளிப்படையாக எழுதுங்கள். சம்பளத்தை மறைத்துவிட்டு நல்ல பரிசுப் பொருள் கொடுக்கும் மேசையை விட, தொகை குறைவாக இருந்தாலும் அதை எழுதிக் கொடுக்கும் மேசையைத்தான் நாங்கள் நம்பினோம். உழவர் நிறுவனம் என்றால் என்ன, அது கூட்டுறவுச் சங்கமா, தொண்டு நிறுவனமா, தனியார் கம்பெனியா என்ற குழப்பம் பட்டதாரிகளுக்கும் பெற்றோர்களுக்கும் நிறைய இருக்கிறது. உழவர்களே பங்குதாரர்களாக இருந்து, நிறுவனச் சட்டத்தின் கீழ் பதிவு செய்து நடத்தும் நிறுவனம் என்பதை இரண்டு வரிகளில் எழுதிவிடுங்கள். வீட்டில் காட்டுவதற்கு அந்த வரிகள் பிள்ளைகளுக்குத் தேவைப்படும், குறிப்பாகப் பெண் பிள்ளைகளுக்கு.

தூயமல்லி அரிசிப் பொட்டலத்தை இந்த இடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். உழவர் முகாமில் அரிசி கொடுப்பது கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகிவிடும். கல்லூரியில் அது வேறு பொருள் பெறும். விதைச் சான்றும் உரப் பரிந்துரையும் படித்த பிள்ளைகள், விளைபொருளை மதிப்புக்கூட்டி விற்கும் ஒரு நிறுவனத்தைக் கையில் பிடித்துப் பார்க்கிறார்கள். பொட்டலத்தில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண், நிகர எடை, பொதி செய்த தேதி ஆகியவை இல்லாமல் கொடுத்துவிடாதீர்கள். அதைக் கவனிப்பவர்களைத்தான் நீங்கள் வேலைக்குத் தேடுகிறீர்கள்.

டி-சர்ட் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அளவு பொருந்தாதவை மூட்டையாகத் தேங்கும். பெண்களில் பலர் வாங்கிக்கொண்டு அணிவதே இல்லை. பவர் பேங்க் வாங்கினால் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பிஐஎஸ்) பதிவு எண் உள்ளதாக வாங்க வேண்டும். அத்தகையது உங்கள் தொகைக்குள் அடங்காது, அடங்கும் விலையில் கிடைப்பதைக் கொடுப்பது ஆபத்து. அந்தப் பணத்தைச் சேமித்து, வேலைக்குச் சேர்ந்த பிள்ளைக்கு முதல் நாளில் ஐஎஸ்ஐ முத்திரையுள்ள தலைக்கவசம் ஒன்றைக் கொடுங்கள். நன்னிலத்துக்கும் குடவாசலுக்கும் இடையே தினமும் வண்டியோட்டப் போகிறவர் அதில் உள்ள உங்கள் பெயரை மகிழ்ச்சியோடு சுமப்பார்.

மறுமொழி: தஞ்சாவூர் தணிக்கை உதவியாளர்

கணக்குப் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன். இலவசமாக வழங்கும் பொருள்களுக்கு நீங்கள் செலுத்தும் ஜிஎஸ்டிக்கு உள்ளீட்டு வரி வரவு, அதாவது நீங்கள் கட்ட வேண்டிய வரியில் அதைக் கழித்துக்கொள்ளும் வசதி, கிடைக்காது. சட்டத்தின் 17(5) பிரிவு பரிசாகவும் இலவச மாதிரியாகவும் கொடுக்கும் பொருள்களை விலக்கிவிடுகிறது. எனவே விலைப்புள்ளிகளை ஒப்பிடும்போது வரியையும் சேர்த்த தொகையையே பாருங்கள். ஒரு லட்சம் என்று ஒதுக்கியது வரிக்கு முந்தைய தொகையா, பிந்தையதா என்பதைத் தீர்மானத்திலேயே எழுதிவிட்டால் பிறகு வாதம் வராது.

உறுப்பினர் சேர்க்கை முகாமை ஆண்டுப் பொதுக்கூட்டத்தோடு இணைத்துவிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். பொதுக்கூட்டத்திலோ அது தொடர்பாகவோ உறுப்பினர்களுக்குப் பரிசுப் பொருளோ, கூப்பனோ, அதற்கு ஈடான பணமோ வழங்கக்கூடாது என்று நிறுவனச் செயலர்களுக்கான செயல்முறைத் தரம் எஸ்எஸ்-2 கூறுகிறது. கூட்டத்துக்கு வரும் உறுப்பினருக்கு உணவும் தேநீரும் கொடுப்பது வேறு. பை, அட்டை, குழாய் எல்லாம் முகாமில், வேறு நாளில் கொடுக்கப்படட்டும்.

சேர்ந்தவர்களுக்கு மட்டுமா, அனைவருக்குமா என்று கேட்டிருந்தீர்கள். பங்குத்தொகைக்கு நெருங்கிய விலையுள்ள பொருளைச் சேர்ந்தவுடனேயே கொடுத்தால், பங்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள் என்ற பேச்சு ஊரில் கிளம்பும். உறுப்பினர் போடும் பங்குக்கு இணையாக, ஒருவருக்கு 2,000 ரூபாய் வரையும் நிறுவனத்துக்கு 15 லட்சம் ரூபாய் வரையும் ஒன்றிய அரசின் பங்கு மானியம் பெற வழியிருக்கிறது என்பதால், அந்தப் பங்குத்தொகையின் மீது எவ்வகை ஐயமும் விழக்கூடாது. மண் மாதிரிப் பை மலிவானது, அனைவருக்கும் கொடுக்கலாம். இலை வண்ண அட்டையைப் பயிற்சிக் கூட்டத்தில், பயன்படுத்தும் முறையைச் செய்து காட்டிய பிறகு, பதிவேட்டில் கையொப்பம் பெற்றுக்கொண்டு கொடுங்கள்.

நன்னிலம் உழவர்

எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. குழுவில் முடிவு செய்துவிட்டோம். ஊர் முகாம்களில் வருகிற அனைவருக்கும் மண் மாதிரிப் பை, உறுப்பினர்களுக்குக் குறுவைக்கு முந்தைய பயிற்சியில் இலை வண்ண அட்டை, கல்லூரியிலும் வேலைவாய்ப்பு முகாமிலும் கோப்பு. அரிசிப் பொட்டலம் கல்லூரிக்கு மட்டும். நீர்மட்டக் குழாயை முதலில் பம்பு செட் அதிகமுள்ள ஓர் ஊரில் வைத்துப் பார்க்கிறோம். பையில் அச்சிடும் எண்ணுக்கு வரும் அழைப்புகளை எடுப்பதற்கென்றே அலுவலகத்தில் ஒருவரைப் பொறுப்பாக்கியிருக்கிறோம்.

அச்சகத்தார் ஐயாவிடம் ஓர் ஐயம். மண்ணைப் போட்டு வரும் பை ஒவ்வொன்றிலும் உழவரின் பெயர், ஊர், சர்வே எண், அடுத்துப் பயிரிடப் போகும் பயிர் ஆகிய விவரங்கள் இருக்க வேண்டும். தாளில் எழுதி உள்ளே போட்டால் ஈரத்தில் ஊறிவிடுகிறது. துணியிலேயே எழுத வழி உண்டா?

மறுமொழி: கும்பகோணம் அச்சகத்தார்

உண்டு ஐயா. பையின் முன்பக்கத்தில் பெயரும் சின்னமும் மேலே கால் பங்குக்குள் இருக்கட்டும். அதற்குக் கீழே நான்கு கோடுகள் போட்ட கட்டம் ஒன்றை அச்சிட்டு, கோடுகளின் தொடக்கத்தில் நீங்கள் சொன்ன நான்கு விவரங்களின் தலைப்பை மட்டும் போடலாம். காடாத்துணியில் பந்துமுனைப் பேனா இழுபடும். அழியாத மை கொண்ட மார்க்கர் பேனாவால் எழுதினால் நன்றாகப் பதியும். ஒவ்வொரு முகாமுக்கும் சில மார்க்கர்களைக் கட்டி மேசையில் வைத்துவிட்டு, பையைக் கொடுக்கும்போதே பெயரையும் ஊரையும் உங்கள் ஆட்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள். தன் பெயர் எழுதிய பையை யாரும் வேறு எதற்கும் எடுக்க மாட்டார்கள். சர்வே எண்ணை அவர் மண் கொண்டு வரும்போது சிட்டாவைப் பார்த்து நிரப்பிக்கொள்ளலாம்.

அரைக் கிலோ மண்ணுக்கு எட்டு அங்குல அகலமும் பத்து அங்குல உயரமும் போதும். வாயில் நாடா கோத்துச் சுருக்கிக் கட்டும்படி தைக்கச் சொல்லுங்கள், கைப்பிடி தேவையில்லை. மாதிரி எடுக்கும் முறையைப் பின்பக்கத்தில் கறுப்பு மையில் பெரிய எழுத்தில் போட்டால் கண்ணாடி இல்லாமலும் வாசிக்க முடியும். பெயர் போடும் மையும் அதே கறுப்பாக இருந்தால் வண்ணம் மாற்றும் செலவும் இல்லை, மன்னார்குடி ஐயா சொன்ன கொடிச் சிக்கலும் இல்லை. நீங்கள் எந்த அச்சகத்தில் கொடுத்தாலும் மார்கழிக்குள் ஆர்டர் உறுதியாகிவிட வேண்டும். தை பிறந்ததும் தையற்கூடங்களில் திருமணப் பைகளின் வேலை குவிந்துவிடும். பெரிய அளவில் தைக்கும் முன் ஒரே ஒரு பையை மட்டும் அச்சிட்டு வாங்கி, அதில் ஈரமண்ணைப் போட்டு ஒரு வாரம் வைத்துவிட்டு, மார்க்கர் எழுத்து எப்படி இருக்கிறது என்று பாருங்கள்.